பழைய தமிழ்ப் படத்தின் ரிலீஸ் தேதியைக் கண்டுபிடிப்பது எப்படி

பெரிய படங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ‘பராசக்தி’ 1952 அக்டோபர் 17, தீபாவளி. ‘நாடோடி மன்னன்’ 1958 ஆகஸ்ட் 22. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வதற்கு ஆள் இருக்கிறது. இரண்டே வாரம் ஓடி, பிலிம் பெட்டி திரும்பி, நெகட்டிவும் அழிந்துபோன படங்களில்தான் சிக்கல். இணையத்தில் தேடினால் மூன்று தளத்தில் மூன்று தேதி வரும். அதில் ஒன்று பெரும்பாலும் ஜனவரி 1 ஆக இருக்கும்.

அந்த ஜனவரி 1-ஐ முதல் வேலையாகத் தூக்கிப் போடுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்த படத்துக்குத் தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாத தரவுத்தளங்கள், அந்த ஆண்டின் முதல் நாளைத் தாமாகவே நிரப்பிக்கொள்ளும். அதை ஒரு வலைப்பதிவு எடுக்கும், வலைப்பதிவை யூடியூப் காணொளி எடுக்கும், கடைசியில் ‘புத்தாண்டு ரிலீஸ்’ என்றே கதை கட்டிவிடுவார்கள். ஜனவரி 1 என்று கண்டால் ‘ஆண்டு மட்டும் தெரியும்’ என்று படித்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் தேதிகளுக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

எதை ரிலீஸ் என்று எடுத்துக்கொள்வது?

தேடத் தொடங்கும் முன் இதை முடிவு செய்யாவிட்டால், கிடைக்கும் சான்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கும். ‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 ஏப்ரல் 21 அன்று பம்பாய் ஒலிம்பியாவில் அழைப்பாளர்களுக்குக் காட்டப்பட்டது. மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தது மே 3 அன்று, கொரோனேஷனில். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959 மே 10-ல் லண்டனில் திரையிடப்பட்டது. தமிழ்நாட்டுக்கு வந்தது மே 16. இரண்டு தேதியும் சரிதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள்.

நடைமுறையில் ‘ரிலீஸ்’ என்பது டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்குக் காட்டிய முதல் நாள். தேதியை எப்போதும் ஊரோடும் தியேட்டரோடும் சேர்த்தே எழுதுங்கள். ஊர் இல்லாத தேதி பாதித் தேதிதான். சில பிரிண்டுகள் மட்டும் போட்ட காலத்தில் ஒரே பெட்டி ஊர் ஊராகப் போகும். சென்னை சிட்டி, என்.எஸ்.சி. (வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு), மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சை, திருநெல்வேலி, கோவை, சேலம் என்று ஏரியா ஏரியாவாக விற்ற படம் எல்லா ஏரியாவிலும் ஒரே வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டும் என்பதில்லை. சிட்டிக்கு விநியோகஸ்தர் கிடைக்காமல் முதலில் வெளியூரில் வந்து, பிறகு சென்னைக்கு வந்த சின்னப் படங்களும் உண்டு. சென்னைப் பத்திரிகையை மட்டும் பார்த்தால் அவற்றின் தேதி பல வாரம் தள்ளிப் போகும்.

மொழிப் பதிப்பும் அப்படித்தான். ‘சந்திரலேகா’ தமிழில் 1948 ஏப்ரல் 9, இந்தியில் அதே ஆண்டு டிசம்பர் 24. ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வந்த படங்களையும் முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். ‘பவளக்கொடி’ 1934-லும் உண்டு, 1949-லும் உண்டு. தயாரித்த கம்பெனி, இயக்குநர், முக்கிய நடிகர் இருவர், நீளம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, கையில் கிடைக்கும் ஒவ்வொரு சான்றையும் அதோடு ஒட்டிப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் எல்லை: தணிக்கைத் தேதி

தணிக்கைச் சான்றிதழ் வாங்காமல் தியேட்டரில் ஓட்ட முடியாது. எனவே சான்றிதழ்த் தேதிக்கு முன்னால் ரிலீஸ் இருக்க வாய்ப்பில்லை. இதுதான் தேடலின் தரை. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1920 முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தனித்தனித் தணிக்கை வாரியங்கள் இயங்கின. 1951 ஜனவரியில் மத்திய வாரியம் வந்தது. சென்னை வாரியம் சான்றளித்த படங்களின் விவரத்துக்கு அந்தக் கால மாகாண அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டைப் புரட்ட வேண்டும். அதன் தொகுதிகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். 1951-க்குப் பிந்தியவற்றுக்கு மத்திய அரசிதழ்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 1934-ல் சென்னையில் சீனிவாசா சினிடோன் தொடங்கும் வரை இங்கே பேசும் படம் எடுக்க ஸ்டுடியோ கிடையாது. அதுவரை தமிழ்ப் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் புனேப் பக்கமும் எடுக்கப்பட்டன. அங்கேயே தணிக்கையும் நடந்திருக்கலாம். சென்னை கெஜட்டில் பெயர் இல்லை என்பதற்காக ‘இந்தப் படம் வெளிவரவே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். 1931 முதல் 1935 வரையிலான படம் என்றால் பம்பாய், வங்காள அரசிதழ்களையும் பார்த்தே ஆக வேண்டும்.

கெஜட்டில் அடிக்கணக்கு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 15,750 அடி என்றால் 175 நிமிடம். ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம். பாட்டுப் புத்தகத்தில் 20 பாட்டு இருக்க, கெஜட்டில் 2,000 அடி என்று இருந்தால் அது டிரெய்லரோ, அதே பெயரில் வந்த துண்டுப் படமோ ஆக இருக்கும்.

தணிக்கைத் தேதியையே ரிலீஸ் தேதியாக எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் மிகவும் சகஜமான தவறு. தணிக்கை முடிந்த மறுநாளே வந்த படமும் உண்டு, லேப் பாக்கி கட்ட முடியாமல் ஒரு வருஷம் பெட்டியில் கிடந்த படமும் உண்டு. சான்றிதழ் சொல்வதெல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்பது மட்டுமே.

திரையில் தெரியும் சான்றிதழ் ஏமாற்றும்

யூடியூபிலோ டிவியிலோ பழைய படம் தொடங்கும்போது ஒரு சான்றிதழ் காட்டுவார்கள். அதைப் படம் பிடித்துத் தேதி கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்பவர்கள் அதிகம். சான்றிதழுக்குப் பத்தாண்டுதான் ஆயுள் என்ற விதி 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை சட்டத்தில் இருந்தது. மறு வெளியீட்டுக்காகவும் டிவிக்காகவும் புதிதாக வாங்கிய சான்றிதழ்தான் பல பிரிண்டுகளில் ஒட்டியிருக்கும்.

அது அசலா பிந்தியதா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. ‘யு/ஏ’ என்று இருந்தால் 1983-க்குப் பிந்தியது. அதற்கு முன் அந்த வகையே கிடையாது. வாரியத்தின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள். 1983 ஜூன் 1 வரை அதில் ‘சென்சார்ஸ்’ என்ற சொல் இருந்தது, பிறகு ‘சர்டிபிகேஷன்’ ஆனது. 1952-ல் வந்த படத்தின் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருந்தால் அது பழைய தாள் அல்ல. இந்த மூன்றையும் தாண்டிப் பழையதாகவே தெரிந்தால்தான் அதன் தேதியைக் கணக்கில் எடுங்கள், அதுவும் கீழ் எல்லையாக மட்டும்.

பத்திரிகை விளம்பரம்: உண்மையான வேலை இங்கேதான்

தணிக்கைத் தேதியிலிருந்து நாளிதழ்களை முன்னோக்கிப் புரட்டுங்கள். அல்லது படம் ஓடிக்கொண்டிருப்பதாகத் தெரியும் ஏதாவது ஒரு நாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டுங்கள். தரையும் கூரையும் (மேல் எல்லை) கிடைத்துவிட்டால் நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் எட்டுப் பத்து வாரம்தான்.

எந்தப் பத்திரிகை என்பது காலத்தையும் ஊரையும் பொறுத்தது. 1930-களுக்குச் ‘சுதேசமித்திரன்’, ‘தி ஹிந்து’, 1934 செப்டம்பருக்குப் பிறகு ‘தினமணி’. தென்மாவட்ட ரிலீசுக்கு, 1942-ல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ சென்னைப் பதிப்பின் பழைய இதழ்கள் கூகுளின் செய்தித்தாள் காப்பகத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே தொடங்க அதுதான் வசதி, ஆனால் தேடுபெட்டியை நம்பக் கூடாது; தேதி வாரியாகத் திறந்து பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்க வேண்டும். நேரில் போவதென்றால் கன்னிமாரா நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போகும் முன் எந்தப் பத்திரிகை, எந்த மாதம் வேண்டும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாளிதழ்கள் மாதக்கணக்கில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். தாள் ஓரங்கள் உதிரும் நிலையில் இருந்தால் தரமாட்டார்கள். மைக்ரோபிலிம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சினிமா விளம்பரத்துக்கு ஒவ்வொரு பத்திரிகையிலும் வழக்கமான ஒரு பக்கம் இருக்கும். முதல் நாலைந்து இதழைப் பார்த்தாலே அந்தப் பக்கம் பிடிபட்டுவிடும், அதற்குப் பிறகு வேகம் வரும். முதலில் வெள்ளிக்கிழமை இதழ்களை மட்டும் பாருங்கள், 1930-கள் என்றால் சனிக்கிழமையையும் சேர்த்து. கிழமை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு: இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ வந்த 1931 மார்ச் 14, தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்த 1931 அக்டோபர் 31, மேலே சொன்ன 1913 மே 3, எல்லாமே சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ரிலீஸ் பழக்கம் பின்னால் வந்து ஊன்றியது. ஊன்றிய பிறகும் பண்டிகை அதை உடைக்கும். ‘ஹரிதாஸ்’ வந்த 1944 அக்டோபர் 16 தீபாவளி, அது திங்கள். ‘கர்ணன்’ வந்த 1964 ஜனவரி 14 பொங்கல், அது செவ்வாய்.

ஆகவே கையில் இருக்கும் தேதிக்கு முதலில் கிழமை பாருங்கள். வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை, பண்டிகையும் இல்லை என்றால் உடனே தவறு என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகப் பட்டியலில் முதலில் வையுங்கள், அவ்வளவுதான். ‘தீபாவளி ரிலீஸ்’ என்ற பேச்சையும் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளி அமாவாசையை ஒட்டியே வரும். ‘காளிதாஸ்’ வந்த அக்டோபர் 31-க்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவே ஒன்பது நாள் இடைவெளி. அதைத் தீபாவளிப் படம் என்று யாராவது எழுதினால், ‘அந்த சீசனில் வந்தது’ என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தைப் படிக்கும் விதம்

விளம்பரம் எழுதியவர்கள் புகழ்ச்சியில் வள்ளல்கள், தியேட்டர் பெயரில் கறார். அதனால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.

‘விரைவில் வருகிறது’ என்பதற்குத் தேதி மதிப்பு கிடையாது. ‘தீபாவளி முதல்’ என்று ஒரு மாதம் முன்னால் போட்டது ஆசை மட்டுமே. ‘நாளை முதல்’ என்பது நல்ல குறிப்பு, ஆனால் சாட்சி அல்ல. பிரிண்ட் வந்து சேராதது, கடைசி நேரக் கத்தரிப்பு, கடன் கொடுத்தவர் கோர்ட்டில் வாங்கிய தடை என்று அந்த ஒரே ராத்திரியில் நின்றுபோக ஆயிரம் காரணம் உண்டு. ‘இன்று முதல்’ என்று தியேட்டர் பெயரோடும் காட்சி நேரத்தோடும் வந்தால் ஏறக்குறைய முடிந்தது. ஆனாலும் அங்கே நிற்காமல் மறுநாள், அதற்கு மறுநாள் இதழ்களையும் பாருங்கள். ‘நடைபெறுகிறது’ என்றோ ‘தினசரி 3 காட்சிகள்’ என்றோ அதே தியேட்டரில் தொடர்ந்தால்தான் கதவை மூடலாம். மறுநாள் அந்தத் தியேட்டரில் வேறு படம் ஓடினால், ரிலீஸ் தள்ளிப்போயிருக்கிறது.

பத்திரிகையின் தேதியும் ஒரு கண்ணி. வெளியூருக்குப் போகும் பதிப்பில் விளம்பரம் ஒரு நாள் பிந்தி ஏறியிருந்தால் ‘இன்று’ என்ற சொல் ஒரு நாளை நகர்த்திவிடும். ‘17-ந் தேதி வெள்ளிக்கிழமை முதல்’ என்று தேதியும் கிழமையும் சேர்த்து அச்சிட்ட விளம்பரம் கிடைத்தால் அதையே முதன்மையாக வையுங்கள். இரண்டும் பொருந்தினால் அச்சுப் பிழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

‘புத்தம் புதிய காப்பி’ என்ற சொற்றொடரைக் கண்டால் எச்சரிக்கையாகுங்கள். அது மறு வெளியீட்டுக்காரர்களின் முத்திரை. ‘மீண்டும் உங்கள் அபிமான தியேட்டரில்’, ‘காலைக் காட்சி மட்டும்’ என்பவையும் அதே ரகம். பிற்காலத்தில் புகழ் பெற்ற நடிகரின் முகம் மட்டும் பெரிதாக இருந்து, அன்றைய கதாநாயகன் பெயர் கீழே ஒதுங்கியிருந்தால், அதுவும் மறு வெளியீட்டு விளம்பரமாக இருக்கலாம்.

தியேட்டர் பெயரை அந்தக் காலத்துப் பெயரில் தேட வேண்டும். ‘காளிதாஸ்’ திரையிட்ட கினிமா சென்ட்ரல் பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆனது. நினைவுக் குறிப்பு எழுதுபவர் ‘முருகன் டாக்கீஸில் வந்தது’ என்று எழுதுவார். அந்தப் பெயரை வைத்து 1931 இதழ்களைப் புரட்டினால் ஒன்றும் கிடைக்காது. ஆங்கிலப் பத்திரிகை என்றால் படப்பெயரின் எழுத்துக்கூட்டலும் இழுக்கும். ஒரே வாரத்தில் ஒரே படத்துக்கு ‘தி’யை டி-ஹெச் போட்டும் போடாமலும், இடையில் ஒரு ‘ஏ’ கூட்டியும் குறைத்தும் அடித்திருப்பார்கள். அங்கே படப்பெயரை விடத் தியேட்டர் பெயரைப் பின்தொடர்வதே சுலபம்.

நாள் எண்ணுதல்

முதல் நாள் இதழ் கிடைக்கவில்லை, ஆனால் பின்னாள் விளம்பரம் இருக்கிறது என்றால் எண்ணிப் பின்னால் போகலாம். ‘100-வது நாள்’ விளம்பரத்திலிருந்து 99 நாளைக் கழிக்க வேண்டும், 100-ஐ அல்ல. ரிலீஸ் நாளே முதல் நாள். சரிபார்க்க ஒரு கணக்கு: ‘நாடோடி மன்னன்’ ஆகஸ்ட் 22 வெள்ளி. ஆகஸ்ட் முடிய 10 நாள், செப்டம்பர் முடிய 40, அக்டோபர் முடிய 71, நவம்பர் 29 அன்று 100. அந்த ஆண்டு நவம்பர் 29 சனிக்கிழமை. 99 என்பது பதினான்கு வாரமும் ஒரு நாளும். எனவே 100-வது நாள் எப்போதும் ரிலீஸ் கிழமைக்கு மறு கிழமையில்தான் விழும். வெள்ளியன்று வந்த படத்துக்கு வெள்ளியன்றே நூறாவது நாள் என்று விளம்பரம் இருந்தால் யாரோ எண்ணத் தெரியாமல் எண்ணியிருக்கிறார்கள்.

வாரக் கணக்குக்கும் இதே முறை. ‘3-வது வாரம்’ தொடங்கும் நாளிலிருந்து 14 நாள் பின்னால் போங்கள். ஆனால் வாரக் கணக்கில் ஒரு தந்திரம் உண்டு. பெரிய தியேட்டரிலிருந்து எடுத்துச் சின்ன தியேட்டருக்கு மாற்றிய பிறகும் எண்ணிக்கையைத் தொடர்வார்கள். இரண்டு தியேட்டரின் வாரங்களைக் கூட்டிப் போடுபவர்களும் உண்டு. ஒரே தியேட்டரின் தொடர் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு விளம்பரங்களிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

வார, மாத இதழ்களின் விமர்சனம் கூரைக்குத்தான் உதவும். அட்டையில் உள்ள தேதிக்குச் சில நாள் முன்பே இதழ் கடைக்கு வந்திருக்கும். அதற்கும் முன்பே விமர்சனம் அச்சுக்குப் போயிருக்கும். 1942 முதல் வந்த ‘பேசும் படம்’ போன்ற மாத இதழ்களில் ‘சென்ற மாத வெளியீடுகள்’ என்று இருந்தால், அது எந்த மாதம் என்பதை இதழ் அச்சான நாளை யோசித்தே முடிவு செய்ய வேண்டும். தமிழ் வருடம் போட்ட குறிப்பாக இருந்தால் இன்னொரு கணக்கு. ஜய வருடம் 1954 ஏப்ரலில் தொடங்குகிறது. ‘ஜய வருடம் தை’ என்றால் 1955 ஜனவரி. தை, மாசி, பங்குனியில் வந்த படங்கள் பட்டியல்களில் ஒரு வருடம் முன்னால் போய் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பாட்டுப் புத்தகமும் போஸ்டரும்

தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் நடிகர் பட்டியலுக்கும் கதைச் சுருக்கத்துக்கும் தங்கம். தேதிக்கு அரைகுறைதான். ரிலீசுக்கு முன்பே அச்சாகும், மறு வெளியீட்டில் வேறு அச்சகத்தில் மறுபடி அச்சாகும். ஆனால் கையில் இருக்கும் பிரதி எந்தக் காலத்தது என்று சொல்ல அது தன் மேலேயே தடயங்களைச் சுமந்திருக்கும்.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தியது. ‘ந.பை.’ என்று நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. அச்சக முகவரியில் ‘சென்னை-1’ என்று இருந்தால் பழையது, ‘600 001’ என்று ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. எழுத்து வடிவமும் பேசும். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’, கொக்கி போட்ட ‘றா’, ‘ணா’ இருந்தால் பழைய அச்சு. இன்றைய வடிவம் இருந்தால் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். ‘விடுதலை’ ஏடு 1935 முதலே இந்த வடிவத்தை அச்சிட்டு வந்தது, எனவே அந்த வட்டாரத்து அச்சகங்களுக்கு இந்த விதி பொருந்தாமல் போகலாம். 1949-ல் வந்த படத்தின் ‘அசல்’ பாட்டுப் புத்தகம் என்று விற்கும் பிரதியில் 30 ந.பை. என்று இருந்தால் அதன் பின்னட்டைத் தேதியை விட்டுவிடுங்கள்.

இசைத்தட்டுத் தேதியைப் பொருட்படுத்த வேண்டாம். பாட்டு படத்துக்கு முன்னும் வரும், பின்னும் வரும்.

ஒரு தேதி எப்படி மாறியது: ‘பக்த பிரகலாதா’

முதல் முழுத் தெலுங்குப் பேசும் படமான இதன் ரிலீஸ் 1931 செப்டம்பர் 15 என்று பல பத்தாண்டுகள் எழுதப்பட்டு வந்தது. அப்படியானால் அது அக்டோபர் 31-ல் வந்த ‘காளிதாஸு’க்கும் முந்தியதாகிவிடும். அதனால் இந்தக் கேள்வி தமிழ்ப் பட வரலாற்றையும் தொடுகிறது. பத்திரிகையாளர் ரெண்டால ஜெயதேவா பழைய பதிவுகளைத் தோண்டினார். பம்பாயில் தணிக்கைச் சான்றிதழ் வழங்கிய நாள் 1932 ஜனவரி 22 என்று கிடைத்தது. செப்டம்பர் கதை அந்த இடத்திலேயே விழுந்தது, ஏனென்றால் தணிக்கைக்கு நான்கு மாதம் முன்னால் ரிலீஸ் இருக்க முடியாது. முதல் திரையிடல் 1932 பிப்ரவரி 6, பம்பாய் கிருஷ்ணா தியேட்டர். சான்றிதழுக்கும் ரிலீசுக்கும் நடுவில் 15 நாள். பிப்ரவரி 6 சனிக்கிழமை, அந்தக் காலத்து வழக்கத்தோடு பொருந்துகிறது. செப்டம்பர் 15 செவ்வாய்.

தெலுங்குப் படத்தின் முதல் காட்சி தெலுங்கு பேசும் ஊரில் நடக்காமல் பம்பாயில் நடந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சென்னை, பெஜவாடா (இன்றைய விஜயவாடா) இதழ்களை மட்டும் புரட்டியிருந்தால் பிப்ரவரி 6 கண்ணில் பட்டிருக்காது. படம் எங்கே எடுக்கப்பட்டதோ அந்த ஊர்ப் பத்திரிகையையும் ஒரு முறை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கடல் தாண்டிய பத்திரிகைகள்

இங்கே இதழ்கள் அழிந்துபோன ஆண்டுகளுக்கு இலங்கையும் சிங்கப்பூரும் கைகொடுக்கும். கொழும்பின் ‘வீரகேசரி’ 1930 முதல் வருகிறது. ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் ஈழத்துப் பழைய இதழ்கள் நிறையத் திறந்தே கிடக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளத்தில் பழைய இதழ்களைச் சொல் போட்டுத் தேடலாம். அங்கே ஆங்கில இதழ்களிலும் தமிழ்ப் பட விளம்பரம் வரும். பெட்டி கப்பலேறிப் போய்ச் சேர நாள் ஆகும் என்பதால் அங்கு கிடைப்பது பெரும்பாலும் கூரைதான். ஆனால் ‘சென்னையில் 5-வது வாரமாக ஓடுகிறது’ என்ற ஒரு வரி அங்கே இருந்துவிட்டால் இங்கே தேட வேண்டிய இதழ் பத்தாகச் சுருங்கிவிடும்.

பட்டியல் நூல்களை எங்கே வைப்பது

பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த ஆண்டு வாரிப் பட்டியல் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது. படம் இருந்ததா, யார் எடுத்தது என்பதற்கு அதுவே முதல் வாசல். ஆனால் எந்தப் பட்டியலும் இரண்டாம் நிலைச் சான்றுதான். அதிலிருந்து எடுத்த தேதியை நாளிதழோடு ஒட்டிப் பார்க்காமல் எழுதாதீர்கள். பத்துத் தளம் ஒரே தேதியைச் சொன்னால் பத்துச் சான்று என்று எண்ணிவிடவும் கூடாது. பத்தும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தால் சான்று ஒன்றுதான். எல்லாத் தளத்திலும் ஒரே எழுத்துப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

பதிவு செய்யும்போது

விளம்பரத்தை மட்டும் வெட்டிப் படம் எடுக்காதீர்கள். பத்திரிகைப் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கம் ஒன்று, விளம்பரம் நெருக்கமாக ஒன்று என்று இரண்டு படம் வேண்டும். பக்கத்தின் மேலே தேதி கிழிந்திருந்தால் முதல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். குறிப்பில் படம், ஊர், தியேட்டர், தேதி, கிழமை, பத்திரிகை, பக்க எண், விளம்பரத்தின் சொற்கள் அப்படியே. ‘இன்று முதல்’ என்றிருந்ததா, ‘நாளை முதல்’ என்றிருந்ததா என்பதை எழுதாமல் விட்டால் அடுத்து வருபவர் அதே தொகுதியை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

நாள் கிடைக்காவிட்டால் கிடைத்த அளவில் எழுதுங்கள்: ‘1938 மார்ச் 12-க்கும் ஏப்ரல் 9-க்கும் இடையில், சென்னை’ என்பது ஒரு மதிப்பான பதிவு. நடுத்தேதியை ஊகித்துப் போடுவது அடுத்த ஐம்பது வருஷத்துக்கு ஒரு புதிய பொய்யைப் பெற்றுப் போடுவது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் இன்றுவரை மூன்று விதமாக எழுதப்படுகிறது. அப்போது தணிக்கை வாரியமே இல்லை, படமும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி எழுதும்போது மூன்று ஆண்டையும் போட்டு, எது எந்த நூலிலிருந்து என்றும் சொல்லிவிடுங்கள்.